ஜாதகத்தில் அறுபத்தொன்று

சட்டத்தை எழுதியவர்கள் அதற்கு முழ நீளத்தில் ஒரு பெயர் வைத்தார்கள். ஊர் அதைத் தாமதச் சட்டம் என்று சுருக்கிக்கொண்டது. விஷயம் எளிதுதான். வண்டிகளெல்லாம் சாலையைத் தாங்களே பார்க்கவும், பார்த்ததை நொடி பிசகாமல் எழுதி வைக்கவும் கற்றுக்கொண்ட பிறகு, விபத்து நடந்தால் சாட்சி தேடி அலைய வேண்டியதில்லை. ஆபத்து ஓட்டுநரின் பார்வையில் பட்ட கணம் ஒன்று. அவர் கால் பிரேக்கை அழுத்திய கணம் ஒன்று. இரண்டுக்கும் நடுவே எத்தனை மில்லிநொடி என்று பார்ப்பார்கள். அந்த வயதுக்காரர்களுக்கு அனுமதித்த எல்லைக்குள் இருந்தால் ‘இயற்கை’ என்று எழுதி வழக்கை மூடிவிடுவார்கள். தாண்டியிருந்தால் ‘குற்றம்’. ஏழு வருடச் சிறை.

எல்லையைச் சொல்வது ஓர் அட்டவணை. அதைத் தயாரித்தவள் பாளையங்கோட்டை ஆய்வு நிலையத்தில் வேலை பார்க்கும் ஜெபராணி. பதினான்கு வருடங்களுக்கு முன்பு, மூவாயிரத்து அறுநூறு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, சிவப்பு விளக்கு எரிந்ததும் மிதிகட்டையை அழுத்தச் சொல்லி அளந்தாள். வந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு டீயும் இரண்டு முறுக்கும் கொடுத்தது நிலையம். இருபது வயதுப் பையனையும் அறுபது வயதுப் பெரியவரையும் ஒரே கோலால் அளப்பது அநியாயம், அவரவரை அவரவர் வயதுக்காரரோடு ஒப்பிட வேண்டும் என்பது அவள் கட்சி. அந்தக் கட்சி ஜெயித்து, சட்டமாகி, நாடு முழுக்கப் போனது. அவளுக்கு அதில் பெருமை இருந்தது. இல்லையென்று அவள் ஒருநாளும் பாசாங்கு செய்ததில்லை.

பங்குனி மாத வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு காலையில் அவள் அறைக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் டவுன் பஸ் ஓட்டுநர் சுடலைமுத்து. மற்றவர் அவருடைய வக்கீல் பாண்டிச்செல்வி. மாசி மாதம் பேட்டை வளைவில் சுடலைமுத்து ஓட்டிய பஸ்ஸின் முன்னால், பள்ளத்துக்குத் தப்பித் திரும்பிய ஸ்கூட்டர் ஒன்று வந்துவிட்டது. ஓட்டி வந்த யாழினி என்கிற இருபத்தாறு வயதுப் பெண் அங்கேயே இறந்துபோனாள். பஸ் எழுதி வைத்திருந்த தாமதம் அறுநூற்று நாற்பது மில்லிநொடி. சுடலைமுத்துவின் வயது ஐம்பத்தெட்டு. ஐம்பத்தைந்து முதல் ஐம்பத்தொன்பது வரைக்கும் எல்லை அறுநூற்றுப் பத்து.

“முப்பதுதான் மேடம் கூடிப்போச்சு,” என்றாள் பாண்டிச்செல்வி. “கண்ணு சிமிட்டுத நேரத்துல பத்துல ஒரு பங்கு. ஆனா இவருக்கு அம்பத்தெட்டே கிடையாது. இந்தா பாருங்க.”

மேசைமேல் ஒரு பழைய நாற்பது பக்க நோட்டை வைத்தாள். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. உள்ளே கட்டங்கள், கிரகங்கள், ரௌத்திரி வருடம் தை மாதம் பதினான்காம் தேதி என்று சாய்ந்த எழுத்து.

“எழுதுன ஜோசியரு செத்தே முப்பது வருசமாச்சு. நோட்டையும் மையையும் சோதிச்சுப் பாத்துட்டாங்க. பழசுதான்னு கோர்ட்டு ஒத்துக்கிடுச்சு. அப்ப வயசு அறுவத்தொண்ணு. அறுவதுலேருந்து அறுவத்திநாலு வரைக்கும் உங்க எல்லை எவ்வளவு?”

“அறுநூத்தி அறுபது.”

“அதான். இவரு அறுநூத்தி நாப்பது. ஆளு சுத்தம். எந்த வரிசையில வச்சுப் பாக்கணும்னு நிபுணர் வந்து சொல்லணும்னு நடுவர் சொல்லிட்டாரு. திங்கக்கிழம நீங்க வந்து ‘அறுவத்தொண்ணு வரிசைதான்’னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது.”

ஜெபராணி ஓட்டுநரைப் பார்த்தாள். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பெரிய கைகள், குளிர்சாதன அறையில் என்ன செய்வதென்று தெரியாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தன.

“அண்ணாச்சி, சான்றிதழ்ல எப்படி ரெண்டு மூணு வயசு குறைஞ்சுது?”

“பள்ளிக்கூடத்துலதாம்மா. எங்கப்பா என்னச் சேக்கக் கூட்டிட்டுப் போகையில எனக்கு ஏழு முடிஞ்சிட்டு. அதுக்கு முன்ன ஆடு பாத்துக்கிட்டுக் கெடந்தேன். பெரிய வாத்தியாரு, வலது கையத் தலைக்கு மேல போட்டு எடது காதத் தொடுலேன்னாரு. அஞ்சு வயசுப் பிள்ளைக்குத்தான் அது மட்டா எட்டும். எனக்குக் காதத் தாண்டிக் கன்னத்துக்கே வந்துட்டு. வாத்தியாரு சிரிச்சாரு. ‘எதுக்கும் அஞ்சுன்னே போடுதேன், பின்னால ரெண்டு வருசம் கூட வேல பாப்பான்’னுட்டு சூன் ஒண்ணுன்னு எழுதுனாரு. எங்கப்பா கும்பிட்டுட்டு வந்தாரு.”

“அறுபது தாண்டினா பயணிகள் வண்டி ஓட்டக்கூடாதுன்னு இருக்கே.”

“அது தனி விசயம்,” என்று பாண்டிச்செல்வி முந்திக்கொண்டாள். “லைசென்ஸ் போகும். போனாப் போகுது. ஏழு வருசம் உள்ள போறதுக்கு அது எவ்வளவோ தேவல.”

அவர்கள் போன பிறகு ஜெபராணிக்கு மனதில் ஒரு நிறைவு இருந்தது. அட்டவணை ஒரு மனிதரைக் காப்பாற்றப் போகிறது. அதற்காகத்தானே அதைச் செய்தாள்.

நிறைவு மதியச் சாப்பாடு வரைக்கும் நீடித்தது. தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது அந்த எண்ணம் வந்தது. சுடலைமுத்துவுக்கு ஜூன் ஒன்று என்றால், அவளிடம் முறுக்குத் தின்றவர்களுக்கு?

கையைக் கழுவிவிட்டுப் பழைய கோப்புகளைத் திறந்தாள். ஐம்பத்தைந்து முதல் ஐம்பத்தொன்பது வரைக்கும் உள்ள குழுவில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். பிறந்த மாதவாரியாக அடுக்கினாள். மே, ஜூன் இரண்டு மாதத்தில் மட்டும் இருநூற்று நாற்பத்தேழு பேர் பிறந்திருந்தார்கள். மற்ற பத்து மாதமும் தாய்மார்கள் ஓய்வெடுத்தார்கள் போலிருக்கிறது.

இதில் அவளை உறுத்தியது, இதை அவள் முன்பே பார்த்திருக்கிறாள் என்பதுதான். பதினான்கு வருடம் முன்பு இதே படம் திரையில் வந்தபோது பக்கத்திலிருந்தவர்களோடு சேர்ந்து சிரித்தாள். நம் ஊரில் எல்லாரும் பள்ளிக்கூடம் திறக்கிற அன்றுதான் பிறப்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். அது யாருக்கும் பிழையாகத் தோன்றவில்லை. அலுவலகத்தில் வயதைக் கேட்டால் சான்றிதழ் வயதைச் சொல்வதும், கல்யாணத்துக்குக் கேட்டால் ஜாதக வயதைச் சொல்வதும் இங்கே பொய்யில் சேராது. வெளிநாட்டுக்காரன் ஒருவன் அந்தப் படத்தைப் பார்த்திருந்தால் அன்றைக்கே துள்ளிக் குதித்திருப்பான். ஜெபராணியும் மற்றவர்களும் டீ குடிக்கப் போனார்கள்.

அன்று மாலையிலிருந்து போன் பண்ண ஆரம்பித்தாள். “உங்க ஜாதகத்துல என்ன தேதி இருக்கு?” என்று ஓர் அரசு நிலையத்திலிருந்து கேட்டால் யார்தான் நேராகப் பதில் சொல்வார்கள். ஒருவர் வைத்துவிட்டார். ஒரு பெண்மணி, “மாப்பிள்ள வீட்டுல விசாரிக்கச் சொன்னாகளா?” என்று பேத்தியின் கல்வித் தகுதியையெல்லாம் சொல்லத் தொடங்கினாள். ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும், பாதிரியார் ஊரில் இல்லை என்றார் இன்னொருவர். பலர் இறந்துபோயிருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் டிரங்குப் பெட்டியைத் தேடித் திறந்து, நோட்டைப் படம் எடுத்து அனுப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் இருநூற்று ஆறு பேருடைய உண்மைத் தேதி அவள் கையில் இருந்தது.

எண்களைப் போட்டுப் பார்த்தாள். அந்தத் தலைமுறையில் தாமதமாகப் பள்ளிக்கூடம் போனவர்களே அதிகம். ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு என்று அவள் எழுதிய முக்கால்வாசிப் பேர் அன்றைக்கே அறுபதைத் தாண்டியவர்கள். ஜாதகப்படி அறுபதிலிருந்து அறுபத்திநாலு வரையில் இருந்தவர்களை மட்டும் தனியாக எடுத்து எல்லையைக் கணக்கிட்டாள். அறுநூற்றுப் பன்னிரண்டு வந்தது. மறுபடி கணக்கிட்டாள். அதேதான் வந்தது.

திங்கட்கிழமை காலை கோர்ட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் சுடலைமுத்து தனியாக நின்றுகொண்டிருந்தார். பாண்டிச்செல்வி இன்னும் வரவில்லை. சாட்சி சொல்லப் போகிறவள் குற்றவாளிக் கூண்டில் நிற்கப் போகிறவரிடம் பேசுவது முறையல்ல என்று ஜெபராணிக்குத் தெரியும். ஆனால் ஒரு மனிதர் விடுதலை என்று நினைத்துக்கொண்டு உள்ளே வந்து, அவள் வாயால் ஏழு வருடம் வாங்கிக்கொண்டு போவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

“அண்ணாச்சி, ஒரு விஷயம் சொல்லணும்.”

“சொல்லுங்கம்மா. டீ சொல்லட்டுமா?”

“வேண்டாம். நான் அன்னைக்கு அளந்தேன்ல, அதுல வந்தவங்களும் உங்கள மாதிரி ஆளுங்கதான். நிஜத்துல அறுபது அறுபத்தொண்ணு. சான்றிதழ்ல அம்பத்தெட்டு. அந்த அறுநூத்திப் பத்து இருக்குல்லா, அது உங்க நிஜ வயசுக்காரங்க எல்லைதான். பேரு மட்டும் அம்பத்தெட்டுன்னு எழுதிட்டேன்.”

அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

“அப்ப அந்த அறுநூத்தி அறுவது?”

“அது நிஜத்துல அறுபத்திமூணு, அறுபத்தஞ்சு ஆனவங்களோடது. ஜாதகத்தக் காட்டினா உங்களைவிட மூத்தவங்களோட நிறுத்தி வச்சுப் பாக்கற மாதிரி ஆகும். சான்றிதழைச் சான்றிதழோட வச்சுப் பாத்தாலும் சரி, ஜாதகத்தை ஜாதகத்தோட வச்சுப் பாத்தாலும் சரி...” தரையைப் பார்த்துக்கொண்டே முடித்தாள். “முப்பதுகிட்டக் கூடத்தான் வருது. நான் உள்ள போய் அதைத்தான் சொல்லணும். உங்ககிட்ட முன்னாடியே சொல்லிரணும்னு தோணுச்சு. மன்னிச்சிருங்க.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் டீயைக் குடித்து முடித்தார்.

“நீங்க எதுக்கும்மா மன்னிப்புக் கேக்கிய. போன வருசம் தையில எனக்கு அறுவது முடிஞ்சுது. பிள்ளைக எல்லாம் கூடித் திருச்செந்தூர்ல வச்சு அறுவதாம் கல்யாணம் நடத்துனாவ. மாலையும் கழுத்துமா போட்டோ புடிச்சாவ. மறுநாள் காலம்பர நான் போயி வண்டிய எடுத்தேன். டிப்போவுல எல்லாவனும் வந்து அல்வா தின்னான். ஒருத்தனும் கேக்கல. எனக்கும் தோணல பாத்துக்கிடுங்க. கல்யாணம் ஜாதகத்துக்கு, வண்டி சான்றிதழுக்கு.”

“எல்லாரும் அப்படித்தானே அண்ணாச்சி.”

“கால் பிந்துதுன்னு தெரியும்மா. ஒரு வருசமா தெரியும். வீட்டுல கொசு அடிக்கப் போனா கொசு போயிருது, கைதான் தொடையில விழுது. வீட்டுக்காரி சிரிப்பா. அந்தப் பிள்ள வண்டி திரும்புனதப் பாத்தேன். நல்லாப் பாத்தேன். கால் போகுதது எனக்கே தெரிஞ்சுது. மொள்ளப் போச்சு.” காலி டம்ளரைக் கடைப் பலகையில் வைத்தார். “நீங்க உள்ளதச் சொல்லுங்க.”

கோர்ட் அறை சின்னது. முன்வரிசையில் யாழினியின் அப்பா பொன்னுலிங்கம் உட்கார்ந்திருந்தார். எல்லா வாய்தாவுக்கும் வந்தவர். சாட்சிக் கூண்டின் கைப்பிடியில் ஒரு சோப்புப் பெட்டி அளவுக்குக் கருவி பொருத்தியிருந்தது. பச்சைக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்றாக இரண்டு விளக்குகள். அட்டவணை சாலையில் வெற்றி பெற்ற பிறகு அதைச் சாட்சிகளுக்கும் கொண்டுவந்திருந்தார்கள். உண்மை சொல்கிறவன் யோசிக்க மாட்டான் என்பது அதன் தத்துவம். முதலில் பெயர், வயது, தொழில் மூன்றும் கேட்பார்கள். சொந்தப் பெயரையும் வயதையும் சொல்ல அந்தந்த வயதுக்காரர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒரு கணக்கு உண்டு. அதைத் தாண்டிவிட்டால் சாட்சி ஏதோ தயாரித்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று பொருள். அதற்குமேல் அவர் பேசுவது எதுவும் பதிவாகாது. சாட்சியோ குற்றம் சாட்டப்பட்டவரோ, எந்தக் கேள்விக்குப் பதில் பிந்தினாலும் இதே விதிதான். இப்படி ஒரு பயன்பாடு வரும் என்று தெரிந்தபோது ஜெபராணி ஒரு கடிதம் எழுதினாள். அதற்குப் பதில் வரவில்லை.

எழுத்தர் கேட்டார். “பெயர்?”

“ஜெபராணி.”

பச்சை எரிந்தது.

“வயது?”

நாற்பத்தேழு என்று நாக்கு கிளம்பியது. சான்றிதழில் அதுதான். ஆனால் அவளைச் சீக்கிரமே பள்ளிக்கூடத்தில் தள்ளுவதற்காக அவள் அம்மா ஒரு வருடத்தைக் கூட்டிச் சொல்லியிருந்தாள். நாற்பத்தாறு. முப்பது வருடமாக எத்தனையோ படிவங்களில் சான்றிதழ்க் கணக்கையே எழுதியிருக்கிறாள், ஒருநாளும் கை நின்றதில்லை. இன்றைக்கு, மூன்று நாளாக இருநூறு பேரிடம் எது நிஜம் என்று கேட்டுவிட்டு வந்து, சத்தியம் செய்துவிட்டு, எதைச் சொல்வது?

“நாற்பத்... ஆறு,” என்றாள்.

சிவப்பு எரிந்தது.

நடுவருக்கே சங்கடமாகத்தான் இருந்தது. வயதான மனிதர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சான்றிதழில் நாற்பத்தேழு என்று இருக்கிறது. பதிலும் தாமதம். அம்மா, நீங்கள் செய்த அட்டவணைதான். ஆனால் விதி விதிதான். உங்கள் சாட்சியத்தை இன்று எடுத்துக்கொள்ள முடியாது.”

“ஐயா, நான் சொல்ல வந்தது ரொம்ப முக்கியம். அட்டவணையிலேயே...”

“பதிவாகாது அம்மா. இறங்குங்கள்.”

இறங்கினாள். பாண்டிச்செல்வி எழுந்து நின்றாள். அவள் முகத்தில் கவலை எதுவும் இல்லை. நிபுணர் இல்லாவிட்டால் கோர்ட் ஏற்றுக்கொண்ட வயதை அட்டவணையில் இருக்கிறபடியே வைத்துப் பார்க்க வேண்டியதுதான் என்றாள். அறுபத்தொன்று, எல்லை அறுநூற்று அறுபது, தாமதம் அறுநூற்று நாற்பது. நடுவர் தலையசைத்தார். சட்டப்படி அது சரியாகத்தான் இருந்தது.

“தீர்ப்புக்கு முன் நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா?” என்று சுடலைமுத்துவைக் கேட்டார். வழக்கமாகக் கேட்கிற கேள்வி. எல்லாரும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

சுடலைமுத்து சாட்சிக் கூண்டில் ஏறி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாண்டிச்செல்வி கண்ணால் ஜாடை காட்டினாள். அவர் அதைப் பார்க்கவில்லை. பொன்னுலிங்கத்தைப் பார்த்தார். குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். ஜெபராணி சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்று பார்த்தாள். பதினொரு நொடிகள். கருவியில் சிவப்பு எப்போதோ எரிந்துவிட்டது.

“அந்தம்மா சொல்ல வந்தது எனக்குத் தெரியும் ஐயா. காலையில எங்கிட்டச் சொல்லிட்டாவ. பட்டியல்ல வயசெல்லாம் தப்பாக் கெடக்கு. சரியாப் பாத்தா எனக்கு முப்பது கூடுது. அதுவும் கெடக்கட்டும். எனக்கு அறுவது முடிஞ்சது எனக்குத் தெரியும். கால் பிந்துததும் தெரியும். தெரிஞ்சேதான் வண்டிய எடுத்தேன். இயற்கன்னு எழுதாதிய.”

பாண்டிச்செல்வி தலையில் கையை வைத்துக்கொண்டாள். எழுத்தர் திரையைப் பார்த்துவிட்டு நடுவரிடம் மெல்ல ஏதோ சொன்னார். நடுவர் வெகுநேரம் கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாக்குமூலம் எல்லையைத் தாண்டிய தாமதம். தயாரிக்கப்பட்டதாகக் கருதி நீக்கப்படுகிறது.” குரல் தாழ்ந்திருந்தது. “விபத்துக்குக் காரணம் இயற்கை. வழக்கு முடிந்தது. ஓட்டுநர் உரிமம் ரத்து.”

வெளியே வராந்தாவில் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. பாண்டிச்செல்வி, அவரைக் காப்பாற்றியதற்காக அவர்மேலேயே கோபப்பட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள். ஜெபராணி தூணோரம் நின்றாள். அட்டவணையைத் திருத்த வேண்டும். இப்படி நிஜ வயதை இந்தத் தப்பு வரிசையில் வைத்து ஓராயிரம் வீடுகளுக்கு இயற்கை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வீடுகளுக்கு யார் போய் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள்.

பொன்னுலிங்கம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுடலைமுத்துவின் முன்னால் வந்து நின்றார். இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே உயரம், ஒரே நரை. அடித்துவிடுவாரோ என்று ஜெபராணி ஓரடி முன்னால் வைத்தாள்.

“உள்ள வச்சுச் சொன்னீருல்லா,” என்றார் பொன்னுலிங்கம். “அது நெசந்தானா?”

“ஆமா,” என்றார் சுடலைமுத்து, அவர் கேட்டு முடிப்பதற்குள்.